சூடத்துல பொறந்த மஞ்சத்தூளும் பல்லுல அடிக்கிற நீல வெளிச்சமும்

போன மாசம் எங்க அத்தைக்கு கடவாப்பல்லுல ஓட்டைன்னு மலேசியாவுல எங்க சுங்கை சிப்புட் டவுன்ல இருக்கிற பல்லு கிளினிக்குக்கு கூட்டிட்டுப் போயிருந்தேன். டாக்டரு ஓட்டைய சுத்தம் பண்ணி, வெள்ளையா மாவு மாதிரி ஒன்ன வச்சு அமுக்கி, பேனா கணக்கா இருக்கிற ஒரு லைட்ட வாய்க்குள்ள விட்டு நீல வெளிச்சம் அடிச்சாங்க, 20 செகண்டு, பீப்புன்னு ஒரு சத்தம், திரும்ப கொஞ்சம் மாவு, திரும்ப லைட்டு. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் அத்தை காடியில, அதான் காருல, உக்காந்துக்கிட்டு நாக்கால அந்த எடத்தையே தடவிக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் கேட்டாங்க, "ஏன்யா, சப்பாத்தி மாவு மாதிரி இருந்தது டார்ச்சு அடிச்சதும் கல்லாப் போச்சே, பெரிசா சூடுகூட தெரியல, அந்த லைட்டுல என்னதான்யா இருக்கு?"

எனக்கு அவ்ளோ சந்தோஷம். நான் ஈப்போவுல ஒரு கோட்டிங் லேப்ல வேல பாக்குறேன், வெளிச்சம் பட்டா இறுகுற ரெசின், அதாவது பிசின் மாதிரி ஒரு பொருளு, அதுதான் எனக்கு தினமும் வேலையே, ஆனா வீட்டுல யாரும் இதுவரைக்கும் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்ல. அன்னிக்கு பாதிய காடியில சொன்னேன், மீதிய வாசப்படியில உக்காந்து சொன்னேன், இப்ப முழுசா எழுதுறேன், கெமிஸ்ட்ரி பக்கமே போகாதவங்களுக்கும் புரியணும்னு.

அந்த லைட்டு சாதாரண நீல எல்இடிதான். வேலைய செய்யிற ஆளு மாவுக்குள்ள இருக்கு. நூத்துல ஒரு பங்குகூட இருக்காது, ஆனா அது இல்லேன்னா நாள் முழுக்க நீல வெளிச்சம் அடிச்சாலும் மாவு மாவாதான் இருக்கும். அதோட பேரு போட்டோ இனிஷியேட்டர், தமிழ்ல ஒளித்தூண்டின்னு வச்சுக்கலாம், லேப்ல நாங்க சும்மா இனிஷியேட்டர்னுதான் சொல்லுவோம்.

அத்தை 30 வருசத்துக்கு மேல பால்மரம், அதான் ரப்பர் மரம், வெட்டுனவங்க, அதனால பால்ல இருந்தே ஆரம்பிச்சேன். மங்குல இருந்து பால எடுத்து ஸ்டோருக்கு கொண்டு போயி ஆசிட் ஊத்துனா கட்டியாகும்ல, அத நாம இறுகிப்போச்சுன்னு சொல்லுவோம், ஆனா உள்ள பாத்தா பால்ல தனித்தனியா மெதந்துக்கிட்டு இருந்த ரப்பர் துளிங்க ஒன்னா சேந்துக்கிச்சு, அவ்ளோதான், ரப்பர் இழைங்க ஒன்னுக்கொன்னு முடிச்சுப் போட்டுக்கல. அதனாலதான் அந்த சீட்டு வெயில்ல பிசுபிசுன்னு ஆகும். டயரு மாதிரி கெட்டியா ஆகணும்னா கந்தகம் கலந்து சூடு காட்டணும், 1839ல குட்இயர்னு ஒரு அமெரிக்காக்காரரு கண்டுபிடிச்சது அது, கந்தகம்தான் ஒரு இழைய இன்னொரு இழையோட கட்டிப் போடுது. நம்ம ஊருக்கு பக்கத்துல கோலகங்சாருல 1877ல நட்ட ரப்பர் கன்னுங்கள்ல ஒரு மரம் இன்னும் நிக்குதுல்ல, அந்த மரத்தோட பாலுக்கு உலகத்துல அவ்ளோ மவுசு வந்ததுக்குக் காரணமே இந்த முடிச்சுதான்.

பல்லு அடைக்கிற மாவுல நடக்கிறது அதுக்கும் ஒரு படி மேல. ரப்பருல இழை ஏற்கெனவே மரமே செஞ்சு குடுத்துடுது, நாம முடிச்சு மட்டும் போடுறோம். இங்க இழையும் இனிமேதான் உருவாகணும், முடிச்சும் அப்பவே விழணும், எல்லாம் 20 செகண்டுல, வாய்க்குள்ள, உடம்புச் சூட்டுல.

அந்த மாவுல பெரும் பங்கு கண்ணாடித்தூள். அத சேத்துப் பிடிக்கிறது தேன் மாதிரி கெட்டியான ஒரு ரெசின், பிஸ்-ஜிஎம்ஏன்னு பேரு, அமெரிக்காவுல ராஃபேல் போவன்னு ஒருத்தரு 1962ல அதுக்கு பேட்டண்ட் வாங்குனாரு, இன்னிக்கும் நெறைய மாவுல அதுதான் இருக்கு. அதோட ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ரெண்டு முனையிலயும் ஒரு டபுள் பாண்ட், அதாவது ரெண்டு கார்பன் அணுவ சேத்து வைக்கிற ரெட்டைக் கட்டு, இருக்கும். சும்மா இருக்கிற வரைக்கும் அது யாரையும் தொடாது. ஆனா ஜோடி இல்லாத எலக்ட்ரான் ஒன்னு பக்கத்துல வந்துச்சுன்னா அது டபுள் பாண்ட தொறந்து கூட சேந்துக்கும், சேந்ததும் அந்த டபுள் பாண்டோட இன்னொரு பக்கத்து கார்பன் ஜோடி இல்லாத எலக்ட்ரானோட நிக்கும், அது போயி பக்கத்துல இருக்கிறத பிடிக்கும், அது அடுத்தத பிடிக்கும். தீபாவளி சரவெடி மாதிரி, ஒன்னு பத்துனா அதுவே பக்கத்துக்கு நெருப்பு குடுத்துக்கிட்டே போகும், நாம ஒரு தடவ திரியில நெருப்பு வச்சா போதும். இதுல கூடுதலா ஒன்னு இருக்கு, ஒரே மூலக்கூறுக்கு ரெண்டு முனை இருக்கிறதால அது ரெண்டு சரத்துல ஒரே சமயத்துல மாட்டிக்கும், அதுதான் முடிச்சு, அப்படியே பின்னிக்கிட்டு போயி வல ஆகிடும், வல ஆனப்புறம் உருகவும் உருகாது கரையவும் கரையாது.

ஜோடி இல்லாத எலக்ட்ரானோட இருக்கிற அந்தத் துண்டுக்கு ரேடிக்கல்னு பேரு. முதல் ரேடிக்கல உண்டாக்குறதுதான் இனிஷியேட்டரோட வேல, வெளிச்சத்த வாங்கி ரேடிக்கலா மாத்திக் குடுக்கும், வேற எதுவும் செய்யாது.

அப்போ அத்தை குறுக்க கேட்டாங்க, "அந்த ரெசினே வெளிச்சத்த வாங்கிக்கக் கூடாதா, எதுக்கு நடுவுல ஒரு ஆளு?" சரியான கேள்வி. அதுக்கு பதில் துணி காயப்போடுற கொடியில இருக்கு. சாமி கும்புட்டு விருந்து சாப்புட்டா வெள்ள சட்டையில குழம்பு படும்ல, மஞ்சக்கறை, சோப்பு போட்டா செவப்பா மாறும், அலசுனா திரும்ப மஞ்சளாகும், தேச்சுத் தேச்சு கை வலிச்சாலும் போகாது. அதையே ஈரத்தோட நல்ல வெயில்ல காயப்போட்டுட்டு சாயங்காலம் எடுத்துப் பாருங்க, கறை இருந்த எடம் தேடுனாலும் தெரியாது. ஆனா அதே கொடியில தொங்குற வெள்ளத் துணிக்கு அதே வெயில் ஒரு நாள்ல ஒன்னும் பண்றதில்ல. ஏன்னா மஞ்சள்ல இருக்கிற குர்குமின் நீலமும் ஊதாவும் கலந்த வெளிச்சத்த குடிக்குது, அது குடிச்சது போக மிச்சம் திரும்பி வர்றதுதான் நம்ம கண்ணுக்கு மஞ்சளா தெரியுது, குடிச்ச சக்தி அந்த மூலக்கூறையே ஒடைக்குது. வெள்ளத் துணி கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம் எதையும் குடிக்கல, எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடுது, அதனால அதுக்கு ஒன்னும் ஆகல. எந்தப் பொருளு வெளிச்சத்த உள்வாங்குதோ அதுலதான் வெளிச்சத்தால மாற்றம் நடக்கும். க்ரோத்தஸ், டிரேப்பர்னு ரெண்டு பேரு 19ஆம் நூற்றாண்டுலயே சொன்ன விதி இது, நம்ம அம்மாமாருங்க கொடியில தினமும் பாத்தது.

பிஸ்-ஜிஎம்ஏ தண்ணி மாதிரி நிறம் இல்லாதது. நிறம் இல்லேன்னா கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்த குடிக்கலன்னு அர்த்தம். அதனாலதான் நடுவுல குடிக்கிற ஆளு ஒன்னு வேணும்.

ஆரம்பத்துல இந்த வேலைக்கு யுவி, அதாவது கண்ணுக்குத் தெரியாத புற ஊதா வெளிச்சத்ததான் பயன்படுத்துனாங்க, பல்லுலகூட 1970கள்ல 365 நானோமீட்டர் யுவி அடிச்சிருக்காங்க, நானோமீட்டர்ங்கிறது வெளிச்சத்தோட அலைநீளத்த சொல்ற அளவு. யுவியில சக்தி ஜாஸ்தி, இனிஷியேட்டர ஒடைக்கிறது சுலபம், இப்பவும் பெயிண்டு, பிரிண்டிங் இங்க்கு, பலக மேல அடிக்கிற வார்னிஷ் எல்லாத்துலயும் யுவி நெறைய ஓடுது. ஆனா யுவி கண்ணுக்கும் ஈறுக்கும் ஆகாது, அத விட பெரிய சிக்கல் அது ஆழமா போகாது. கண்ணாடித்தூள் நெறஞ்ச மாவுக்குள்ள சின்ன அலைநீளம் சீக்கிரமா செதறிடும், மேல மட்டும் இறுகும், அடியில பச்ச மாவா கெடக்கும். வெள்ள பெயிண்டுல இன்னும் மோசம், வெள்ள நிறத்துக்குப் போடுற டைட்டானியம் டையாக்ஸைடு யுவியெல்லாம் தானே குடிச்சிடும், இனிஷியேட்டருக்கு ஒன்னும் மிச்சம் வைக்காது, எங்க லேப்ல வெள்ளக் கோட்டிங் வந்தாலே எல்லாரும் ஒரு பெருமூச்சு விடுவோம். மனுச செல்லு உயிரோட இருக்கிற ஜெல்ல பிரிண்ட் பண்றவங்களுக்கு யுவியே ஆகாது, செல்லு செத்துப் போகும். அதனால கண்ணுக்குத் தெரியிற வெளிச்சம், நீலம், பச்ச, முடிஞ்சா செவப்பு, இதுல வேல செய்யிற இனிஷியேட்டர் வேணும்னு எல்லாரும் தேட ஆரம்பிச்சாங்க.

தேடுறது ஏன் கஷ்டம்னா, வெளிச்சத்தோட அலைநீளம் நீள நீள சக்தி கொறையும். 365 நானோமீட்டர் யுவியில ஒரு மோலுக்கு, அதாவது கெமிஸ்ட்ரியில எண்ணுறதுக்கு வச்சிருக்கிற ஒரு பெரிய எண்ணிக்கைக்கு, 328 கிலோஜூல் சக்தி இருக்கு. 450 நீலத்துல 266. 530 பச்சையில 226. 650 செவப்புல வெறும் 184. சாதாரண கார்பன் கார்பன் பாண்ட ஒடைக்க கிட்டத்தட்ட 350 வேணும். செவப்பு வெளிச்சத்துல பாதிக்கு கொஞ்சம் மேலதான் தேறுது. கையில காசு கொறஞ்சுக்கிட்டே போகுது, வாங்க வேண்டிய சாமானோட வெல மட்டும் எறங்கல. இதுக்கு வழி கண்டுபிடிக்கிறதுதான் இந்தத் துறையில பாதிப் பேரோட வாழ்நாள் வேல.

பல்லு விஷயத்துல வந்த வழி சூடம். சாமிக்கு ஏத்துறோம்ல, அதே கற்பூரம்தான். கற்பூரத்தோட மூலக்கூறுல ஒரு எடத்துல கார்பனும் ஆக்சிஜனும் டபுள் பாண்டால சேந்திருக்கும். அதுக்கு நிறம் கெடையாது, அது குடிக்கிறது 290 நானோமீட்டர் கிட்ட, யுவில ரொம்ப உள்ள. செலினியம் டையாக்ஸைடு போட்டு அத ஆக்சிடைஸ் பண்ணா பக்கத்து கார்பன்லயும் அதே மாதிரி ஒரு ஆக்சிஜன் வந்து ஒக்காந்துக்கும். அவ்ளோதான் மாற்றம், ஒரு ஆக்சிஜன் கூட, ரெண்டு ஹைட்ரஜன் கொறைவு. ஆனா ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வந்ததும் ஒன்னோட ஒன்னு பேச ஆரம்பிக்கும், வெள்ள சூடம் பளிச்சுன்னு மஞ்ச நிறத் தூளா மாறிடும், அதுக்குப் பேரு கேம்ஃபோர்குயினோன். அது அதிகமா குடிக்கிறது 468 நானோமீட்டர் பக்கம், அதாவது நல்ல நீலம். டாக்டரோட லைட்டு ஏன் நீலமா இருக்குன்னா காரணம் இந்தத் தூளுதான், லைட்ட பாத்து தூள செய்யல, தூளுக்கு ஏத்த மாதிரி லைட்ட செஞ்சாங்க.

மொத தடவ லேப்ல அந்த டப்பாவ தொறந்தப்ப மஞ்சப் படிகம் மாதிரி இருந்துச்சு, சூடத்துக்கு சொந்தக்காரன்னு தெரிஞ்சதுல இருந்து எனக்கு அது மேல ஒரு பாசம். சூடத்துக்கும் நமக்கும் உறவு பழசு. சுமத்ரா கரையில பாருஸ்னு ஒரு ஊரு, கற்பூரத்துக்கே பேரு போன துறைமுகம், மலாய்க்காரங்க இன்னிக்கும் கப்பூர் பாருஸ்னுதான் சொல்றாங்க. அங்க தமிழ் வணிகருங்க, ஐந்நூற்றுவர்னு சொல்ற கூட்டம், 1088ல வெட்டி வச்ச தமிழ்க் கல்வெட்டு கெடச்சிருக்கு. அந்தப் பக்கத்துக் கற்பூரம் கெமிஸ்ட்ரியில நம்ம கடைச் சூடத்துக்கு தம்பி முறை, போர்னியோல்னு பேரு. இப்ப கடையில கெடைக்கிற சூடம் பெரும்பாலும் டர்பன்டைன் எண்ணெயில இருந்து ஃபேக்டரியில செஞ்சது.

சரி, கேம்ஃபோர்குயினோன் நீலத்த குடிச்சாச்சு, அப்புறம்? நீலத்துல இருக்கிற 266 கிலோஜூலுக்கு அது தானா ஒடையாது. அதுக்கு ஒரு கூட்டாளி வேணும், அமீன்னு ஒரு வகை மூலக்கூறு. வெளிச்சம் குடிச்ச குயினோன் ஒரு கிளர்ச்சியான நிலையில கொஞ்ச நேரம் நிக்கும், அந்த நேரத்துக்குள்ள அமீன் பக்கத்துல இருந்தா அதுகிட்ட இருந்து மொதல்ல ஒரு எலக்ட்ரான், அப்புறம் ஒரு ஹைட்ரஜன் பிடுங்கிக்கும். பிடுங்குன குயினோனால பெருசா ஒன்னும் ஆகாது, இழந்த அமீன்தான் இப்ப ரேடிக்கல், அது போயி சரவெடிக்கு நெருப்பு வைக்கும். வாங்குனது ஒருத்தர், வேல செஞ்சது இன்னொருத்தர். இப்படி ஜோடியா வேல செய்யிற இனிஷியேட்டருக்கு டைப் 2ன்னு பேரு, வெளிச்சம் பட்டதும் தானே ரெண்டா ஒடையிறது டைப் 1.

டைப் 2ல ஒரு தொல்ல, ரெண்டு பேரும் சந்திக்கணும். மாவு இறுக ஆரம்பிச்சதும் உள்ள யாரும் நகர முடியாது, குயினோன் ஒரு மூலையில தயாரா நிக்கும், அமீன் இன்னொரு மூலையில சிக்கிக்கும், வேல மெதுவாகிடும். அமீன் நாள் போகப் போக மஞ்சளாவும் மாறும். அத விட, கேம்ஃபோர்குயினோனே மஞ்சள், பல்லு வெள்ளையா இருக்கணும்னு நெனைக்கிறவங்க வாயில அந்த மஞ்ச நிறத் தூள எவ்ளோ போட முடியும்? கொஞ்சமா போட்டா இறுகாது, ஜாஸ்தி போட்டா பல்லு நிறம் மாறும்.

இந்த எடத்துலதான் இந்த ஆராய்ச்சியோட முழு சிக்கலும் இருக்கு. வெளிச்சத்த குடிக்கணும்னா நிறம் வேணும். ஆனா வேல முடிஞ்சப்புறம் நிறம் போகணும். நிறம் போகாட்டி பாக்கவும் நல்லா இருக்காது, ஆழத்துக்கும் வெளிச்சம் போகாது, மேல இருக்கிற அடுக்கே எல்லா வெளிச்சத்தையும் குடிச்சுத் தீத்துடும். ஆக நாம தேடுற மூலக்கூறு குடிக்கணும், ஒடையணும், ஒடைஞ்சதும் நிறமில்லாம மாறி அடியில இருக்கிறவங்களுக்கு வழி விடணும், கொடியில இருந்த மஞ்சக்கறை மாதிரி.

அதுக்கு வந்த நல்ல பதில் பாஸ்பரஸும் ஜெர்மானியமும். கார்பனுக்கு பக்கத்துல பாஸ்பரஸ வச்சு ஒரு மூலக்கூறு கட்டுனா அந்த பாண்டு பலவீனமா இருக்கும், கொறஞ்ச சக்தியிலயே ஒடையும், ஒடைஞ்சதும் நிறம் போயிடும். டிபிஓ, பாப்போன்னு நாங்க சொல்றது ரெண்டும் இந்த வகை, டைப் 1, அமீனெல்லாம் தேவையில்ல. டிபிஓ ஊதா ஓரத்துல 420 பக்கம் வரைக்கும் வரும், பாப்போ இன்னும் கொஞ்சம் உள்ள 440 பக்கம் வரைக்கும் வரும். இப்ப பசங்க வீட்டுல வச்சு பொம்ம செய்யிற ரெசின் 3டி பிரிண்டர் 405 நானோமீட்டர்ல ஓடுறது இந்தக் கூட்டத்த நம்பித்தான், எங்க வெள்ளக் கோட்டிங்க காப்பாத்துறதும் பாப்போதான். பாஸ்பரஸுக்கு பதிலா ஜெர்மானியம் வச்சா இன்னும் நீலத்துக்குள்ள போகலாம். வியன்னா டெக்னிகல் யுனிவர்சிட்டி ஆளுங்களும் இவோகிளார்ங்கிற பல்லு மெட்டீரியல் கம்பெனியும் சேந்து அப்படி ஒன்ன செஞ்சாங்க, ஐவோசெரின்னு பேரு. சாதாரண மாவ 2 மில்லிமீட்டர் 2 மில்லிமீட்டரா அடுக்கி ஒவ்வொரு அடுக்குக்கும் லைட்டு அடிக்கணும், அத்தைக்கு டாக்டரு திரும்பத் திரும்ப பண்ணது அதுதான். ஐவோசெரின் போட்ட மாவ 4 மில்லிமீட்டர் ஒரே தடவையில வச்சிடலாம். ஜெர்மானியம் வெல ஜாஸ்தி, அதனால எல்லா எடத்துலயும் போட முடியாது.

பச்சைக்கும் செவப்புக்கும் போகணும்னா வேற வழி. ஊஞ்சல் கயிறு நீளமானா ஆட்டம் மெதுவாகும்ல, அதே மாதிரி மூலக்கூறுல டபுள் பாண்டு ஒன்னு விட்டு ஒன்னுன்னு நீளமா வரிசையா இருந்தா எலக்ட்ரான் ஓடுற தூரம் ஜாஸ்தியாகி அது நீண்ட அலைநீளத்த குடிக்கும். சாயம்னு நாம சொல்றதெல்லாம் இந்த மாதிரி நீளமானதுங்கதான். ஒரு ஓரத்துல எலக்ட்ரான் குடுக்கிற அணுக் குழு, இன்னொரு ஓரத்துல இழுக்கிற அணுக் குழுன்னு வச்சா இன்னும் தள்ளிப் போகலாம், கெமிஸ்ட்டுங்க மாசக்கணக்குல உக்காந்து ஒவ்வொரு குழுவா மாத்தி மாத்தி செஞ்சு பாக்குறது இதத்தான். ஆனா பச்ச வெளிச்சத்தோட 226 கிலோஜூல்ல சாயம் தானா ஒடையாது. அதனால பக்கத்துல அயோடோனியம் உப்புன்னு ஒன்ன வைப்பாங்க. அதுக்கு வெளிச்சம் தேவையில்ல, ஒரு எலக்ட்ரான் கெடச்சா போதும், கெடச்ச உடனே பொல்லுன்னு ஒடைஞ்சு ரேடிக்கல் குடுக்கும், திரும்ப ஒட்டாது. வெளிச்சம் குடிச்ச சாயம் ஒரு எலக்ட்ரான அதுக்குக் குடுக்கும், சாயம் இழந்தத அமீன் வந்து ஈடுகட்டும், சாயம் பழைய நெலைக்கு வந்து அடுத்த வெளிச்சத்துக்கு தயாரா நிக்கும். மூணு பேரு கூட்டு வேல. செல்லு வச்சு பிரிண்ட் பண்ற ஜெல்லுல இயோசின்னு ஒரு சாயம் பச்ச வெளிச்சத்துல அமீனோட சேந்து வேல செய்யிறதும் இந்தக் குடும்பத்து முறைதான்.

இங்க நான் அத்தைகிட்ட சொன்னப்ப அவங்க நிமிந்து உக்காந்தது ஒரு விஷயத்துக்கு. அயோடோனியம் உப்ப பிரபலமாக்குன அமெரிக்க கெமிஸ்ட்டு ஜேம்ஸ் கிரிவெல்லோ 2005ல ஒரு கட்டுரை போட்டாரு, அந்த உப்புக்கு எலக்ட்ரான் குடுக்க நம்ம மஞ்சள்ல இருக்கிற குர்குமினே போதும், கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துலயே எபாக்ஸி வகை ரெசின் இறுகுதுன்னு. "அப்ப மஞ்சளயும் சூடத்தையும் வச்சே பல்லு அடைச்சிடலாம்னு சொல்லு" அப்படின்னாங்க. சூடம் ஏற்கெனவே உள்ள இருக்கு அத்தை, மஞ்சள் நிறம் பல்லுக்கு ஆகாது, ஆனா மரச்சாமானுக்கு போடுற கோட்டிங்குல முயற்சி பண்ணலாம்னு சொன்னேன், உண்மையிலயே எனக்கு அந்த ஆச இருக்கு.

காத்து பத்தியும் சொல்லணும். ரேடிக்கலுக்கு பெரிய எதிரி ஆக்சிஜன். காத்துல இருக்கிற ஆக்சிஜன் ரேடிக்கல பிடிச்சு மந்தமாக்கிடும், சரவெடி நடுவுல நமுத்துப்போன மாதிரி நின்னுடும். அதனால எவ்ளோ லைட்டு அடிச்சாலும் காத்து படுற மேல் தோலு மட்டும் பிசுபிசுன்னு இருக்கும், ஜெல் நெயில் போடுறவங்க கடைசியா ஆல்கஹால் வச்சு தொடைக்கிறது அந்தப் பிசுபிசுப்பத்தான். பல்லுல அடுக்கு மேல அடுக்கு வைக்கிறப்ப அந்த ஒட்டு உதவி, கடைசி அடுக்குல மட்டும் காத்து படாம கிளிசரின் ஜெல்லு தடவி அடிக்கலாம், இல்ல மேல்தோல பாலிஷ் பண்ணி எடுத்துடலாம்.

எனக்கு நடந்த ஒன்ன சொல்றேன். வேலைக்கு சேந்த புதுசுல நீலத்துல இறுகுற ரெசின் ஒன்ன கலக்கி, தெளிவான கண்ணாடி பாட்டில்ல ஊத்தி, கலக்குன கண்ணாடிக் குச்சியோட சன்னலு பக்கத்து மேசையிலயே வச்சிட்டு வீட்டுக்கு வந்துட்டேன். மறுநாள் காலையில பாட்டில தூக்குனா உள்ள இருந்தது அசையல, குச்சி நட்டுக்கிட்டு நின்னுச்சு, ஓரத்துல விரிசல் விட்டிருந்துச்சு. விரிசல் ஏன்னா, தனித்தனியா இருந்த மூலக்கூறுங்க பாண்டு போட்டு நெருங்கி வர்றப்ப மொத்த அளவு சுருங்கும், பல்லு மாவுலயே 2, 3 சதவீதம் சுருங்கும், கண்ணாடித்தூள் இல்லாத வெறும் ரெசின்ல இன்னும் ஜாஸ்தி. யுவி ரெசினா இருந்தா ரூம்பு வெளிச்சத்துல ரொம்ப நேரம் தாங்கியிருக்கும். கண்ணுக்குத் தெரியிற வெளிச்சத்துல இறுகுறதுன்னா டியூப்லைட்டும் சன்னலும்கூட அதுக்கு லைட்டுதான். அன்னியில இருந்து பழுப்பு பாட்டில், அதுக்கு மேல அலுமினியம் ஃபாயில், கலக்குறது மஞ்ச வெளிச்சம் போட்ட ரூம்புல. புது இனிஷியேட்டர் ஒன்னு வந்தா அது எவ்ளோ வேகமா இறுகுதுன்னு கேக்குறதுக்கு முன்னாடி, டப்பாவுக்குள்ள இருட்டுல எத்தன மாசம் சும்மா இருக்கும்னுதான் நான் மொதல்ல கேப்பேன்.

அடுத்தது பாதுகாப்பு, இத நம்ம ஊரு பொண்ணுங்களுக்காக எழுதுறேன், ஏன்னா ஆன்லைன்ல ஜெல் நெயில் செட்டு வாங்கி லைன் வீட்டுலயும் தாமான் குடியிருப்புலயும் வச்சு அக்கா தங்கச்சிக்கு போட்டுவிடுறாங்க. இறுகுன ரெசின் பெரிய வல, அது தோலுக்குள்ள போகாது. இறுகாத ரெசின் சின்ன மூலக்கூறு, அது தோலுல திரும்பத் திரும்ப பட்டா அலர்ஜி வரும், வந்தா வாழ்நாள் முழுக்க இருக்கலாம், அப்புறம் பல்லு அடைக்கிறதுலகூட தொந்தரவு குடுக்கலாம். நகத்துக்கு வெளிய வழிஞ்சா லைட்டு வைக்கிறதுக்கு முன்னாடியே தொடச்சிடுங்க, ஜெல்லுக்கு சொன்ன லைட்டையே பயன்படுத்துங்க, ஏன்னா இனிஷியேட்டருக்கு ஒத்துப்போகாத லைட்டுல மேல இறுகுன மாதிரி தெரியும், உள்ள பச்சையா இருக்கும். நான் மேல புகழ்ந்த டிபிஓவ இனப்பெருக்கத்துக்கு கெடுதல் பண்ற வகையில ஐரோப்பாவுல சேத்துட்டாங்க, 2025 செப்டம்பர் 1ல இருந்து அங்க அழகு சாமான்ல அத போடக் கூடாது. அதனால இப்ப இனிஷியேட்டர் செய்யிற எல்லா எடத்துலயும் இதே பேச்சு, வேல முடிஞ்சப்புறம் மிச்சம் இருக்கிற துண்டு வெளிய கசியக் கூடாது. அதுக்காக இனிஷியேட்டரையே பெரிய மூலக்கூறா கட்டுறாங்க, இல்ல அதுக்கும் ஒரு டபுள் பாண்டு வச்சு அதுவும் வலையிலயே பின்னிக்கிற மாதிரி செய்யிறாங்க. எனக்கு இந்த ரெண்டாவது வழி ரொம்பப் பிடிக்கும், நெருப்பு வச்ச ஆளும் சரத்துலயே சேந்துக்கிறாரு.

நீல வெளிச்சத்த நேரா பாக்கக் கூடாது. கிளினிக்குல டாக்டரும் நர்ஸும் ஆரஞ்சு கண்ணாடி பிடிச்சிருப்பாங்க, ஆரஞ்சு நிறம்னா நீலத்த குடிச்சிடுதுன்னு இப்ப உங்களுக்கே தெரியும், கண்ணுக்கு நீலம் வராது. அத்தைக்கு அன்னிக்கு கண்ண மூடிக்கச் சொன்னாங்க, அவங்க ஆர்வத்துல பாதி தொறந்து வச்சிருந்தாங்களாம். அடுத்த மாசம் இன்னொரு பல்லுக்கு அப்பாயின்மென்ட் இருக்கு, இந்தத் தடவ அந்த ஆரஞ்சு கண்ணாடிய நானே கேட்டு வாங்கிப் போட்டுக்கிட்டு நல்லா பாக்கப்போறேன்னு சொல்லியிருக்காங்க.